தாடியில்லாத மஞ்சள் பூ

போன வாரம் உங்களில் ஒருத்தி (பெயரைச் சொல்லி மானத்தை வாங்கமாட்டேன்) கிணற்றடியில் இருக்கும் பெரிய தொட்டியில் கை வைத்து, "இன்னா தாத்தா, இந்தக் கோரைய புடுங்கிட்டு முள்ளங்கி போட்டுடலாமா?" என்று கேட்டாள். நல்ல வேளை, கேட்டாள். கேட்காமல் பிடுங்கியிருந்தால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவளைக் கோட்டை வாசல்வரை துரத்தியிருப்பேன்.

அது கோரை இல்லை. அதன் பெயர் லிஸ். ஒல்லாந்தர் ஊரில் வாய்க்கால் ஓரமெல்லாம் தானாக முளைத்துக் கிடக்குமாம். அங்கே அதற்கு யாரும் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. இங்கே பழவேற்காட்டில் அதற்கு நான் இத்தனை வருஷமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் காலையில் ஒரு நடை வந்து ஊற்றிவிட்டுத்தான் போகிறேன். நீங்கள் எல்லாம், கிழவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் உட்காருங்கள். மண்வெட்டியைக் கீழே போடுங்கள், அது ஓடிவிடாது.

கோசுக்கு எப்போது உரம் வைப்பது, எலுமிச்சையில் எந்தக் கிளையைக் கழிப்பது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது கை பழகினால் வந்துவிடும். இந்தச் செடியால் நான் மூன்று தப்பு செய்தேன். ஒன்று வாயால், ஒன்று ஆசையால். மூன்றாவதை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் பெண்டாட்டி நாகம்மாவுக்கு மட்டும் தெரியும்.

நான் குப்பத்துக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகாமல் தோட்டத்துக்கு ஏன் வந்தேன் என்றால், எனக்குக் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி வரும். மீன்காரன் பிள்ளைக்கு வாந்தி வந்தால் குப்பம் எப்படிச் சிரிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் நைனா ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இந்த ஒல்லாந்தர் கோட்டைத் தோட்டத்தில் கொண்டுவந்து தள்ளிவிட்டார். "தண்ணி ஊத்துற வேலதான், இதுலயாவது வாந்தி எடுக்காத இருடா" என்றார்.

அந்தக் காலத்தில் கிடங்குகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்ட துரை ஒருத்தர் இருந்தார். சிடுசிடுப்பானவர். அவர் மனைவியை நாங்கள் துரைசாணி அம்மா என்போம். அவர்களுக்கு ஒரே மகள், கிரேத்தா. இங்கேதான் பிறந்தாள். வளர்த்த ஆயா எங்கள் குப்பத்துக்காரி. அதனால் அந்தப் பிள்ளை தலைமுடி மட்டும்தான் ஒல்லாந்து, வாயைத் திறந்தால் சுத்தமான குப்பம். அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவாள். துரைக்கு ஒவ்வொரு தடவையும் முகம் சிவக்கும். என்னை "அண்ணாத்தே" என்பாள்.

துரைக்கும் அம்மாவுக்கும் தமிழ் தெரியாது. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னது அந்த ஆறு வயசுப் பிள்ளைதான். தோட்டத்தில் எந்தப் பேச்சு நடந்தாலும் அவள் வாய் வழியாகத்தான் நடக்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார்த்திகையில் கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்தது. அம்மாவின் அக்கா ஊரிலிருந்து அனுப்பியது. பெட்டி நிறைய ஈர மணல், மணலுக்குள் கிழங்கு. அழுகினது போக ஒன்பது தேறியது. பார்க்க இஞ்சி மாதிரி இருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்பாவாடை எல்லாம் சேறு.

கிரேத்தா எனக்குச் சொன்னாள்: "அம்மா வீட்டாண்ட வாய்க்கா கீதாம். அது ரெண்டு பக்கமும் இந்தப் பூவாம். நான் அந்த ஊருக்குப் போனதே இல்லன்னு, அம்மா பூவையாவது காட்டறேன்னு சொல்லிகீது." பிறகு கண்ணை உருட்டிக்கொண்டு, "ரெண்டு ஜாதி கீதாம் அண்ணாத்தே. பெரிய வூட்டுத் தோட்டத்துல வைக்கிற பூவுக்கு உள்ள முடி மாதிரி தாடி இருக்குமாம். இதுக்கு தாடி இல்ல. தாடி இருந்தா தண்ணி ஆவாது, தாடி இல்லாததுக்குத் தண்ணிதான் உசுரு" என்றாள். எனக்கு அப்போது மீசையே சரியாக முளைக்கவில்லை. "அப்ப இது என் ஜாதி" என்றேன். அதை அவள் அம்மாவிடம் சொல்லி, அம்மா சிரித்து, துரையும் ஒரு பக்கமாகச் சிரித்தார். அந்த மனுஷர் சிரித்து நான் பார்த்தது இரண்டோ மூன்றோ தடவைதான்.

இனி முதல் தப்பு.

துரை ஏரிக்கரைக்குப் போனார். மழை பெய்து ஆரணியாறு நிறையக் கொண்டுவந்து கொட்டியிருந்த சமயம். குனிந்து ஏரித் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். கிரேத்தா சொன்னாள்: "நைனா சொல்றாரு, தண்ணி நல்லா கீதாம். அவங்க ஊர் வாய்க்கா மாதிரியே கீதாம். இங்கயே நடச் சொல்றாரு."

பிள்ளைகளே, கார்த்திகையில் நம் ஏரி தித்திப்பாகத்தான் இருக்கும். பங்குனியில் அதே இடத்தில் வாய் வைக்க முடியுமா? கடல் உள்ளே ஏறி, வெயிலில் வற்றி, கடலைவிட உப்பாகிவிடும். இது குப்பத்தில் பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாலு நாள் முன்னால்தான் கோசுப் பாத்தி விஷயமாக நான் வாயைத் திறந்து, துரை என்னைக் கைத்தடியால் நெஞ்சில் குத்தித் தள்ளியிருந்தார். சரி, சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் சோறு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். கிழங்கை நடும்போது மட்டும் எனக்குள் முனகினேன், "பங்குனியில உப்பு ஏறுமே."

கிரேத்தா பக்கத்தில்தான் இருந்தாள். ஒவ்வொரு கிழங்குக்கும் மண்ணைப் போர்த்தி, தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து, "இன்னா சொன்ன அண்ணாத்தே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா" என்றேன்.

பங்குனி பிறந்ததும் இலை நுனி கருகியது. சித்திரையில் ஒன்பதில் ஏழு செத்தது. அம்மா கரையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். கிரேத்தாதான் என்னிடம் வந்தாள். "நீ அன்னிக்கு உப்புன்னு சொன்னியே. எனக்குக் காதுல வுழுந்துச்சு. எங்கிட்ட சொல்லியிருந்தா நான் நைனாகிட்ட சொல்லியிருப்பேன். என்னைய அடிக்க மாட்டாரு இல்ல?"

இரண்டு பக்கத்துக்கும் ஒரு வாய் வேண்டும் என்று கடவுள் ஒரு பிள்ளையை நடுவில் நிற்க வைத்திருந்தார். அதுவாகக் கேட்டும் நான் வாயை மூடிக்கொண்டேன். பெரிய மனிதர்கள் தப்பாகச் சொன்னால் பேசுங்கள். குத்து வாங்கினாலும் பேசுங்கள். நெஞ்சில் வாங்கின குத்து இரண்டு நாளில் ஆறிவிட்டது. அந்தப் பிள்ளை கேட்டது இன்னும் ஆறவில்லை.

மிஞ்சின இரண்டு கிழங்கையும் பெயர்த்து, இதோ இந்தக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து தொட்டியில் நல்ல தண்ணீரில் வைத்தேன். அது பிழைத்துக்கொண்டது. அடுத்த தப்பு இங்கேதான் ஆரம்பித்தது. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம்.

ஏழு கிழங்கைக் கொன்ற பாவத்துக்கு இரண்டையாவது பூக்க வைக்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. உரம் போட வேண்டும். குப்பத்துக்காரனுக்கு உரம் என்றால் என்ன தெரியும்? நாகம்மாவிடம் சொல்லி ஒரு கூடை கருவாட்டுத் தலை வாங்கிவந்து தொட்டியின் அடியில் புதைத்துவிட்டேன். மறுநாள் தோட்டத்தில் பழவேற்காட்டுக் காக்கை மொத்தமும் இருந்தது. பூனை வந்தது. நாய் வந்தது. துரையின் சொந்த நாயே வந்து தொட்டியைத் தோண்டி, மூஞ்சியெல்லாம் கருவாட்டோடு அவர் சாப்பாட்டு மேசைக்குப் போய் நின்றிருக்கிறது. நாகம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யோவ், பூ பூக்க வைன்னா கொயம்பு வச்சிருக்கியே!" என்றாள்.

நாயைத் துரத்தினேன், உரத்தை எடுக்கவில்லை. இலை என் தோள் உயரத்துக்கு வந்தது. தொட்டி நிறையக் குட்டி போட்டது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். பூ மட்டும் இல்லை. இரண்டு வருஷம். ஒரு மொட்டு இல்லை. இலை நன்றாக இருக்கிறதே, செடி சந்தோஷமாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செடிக்கு என்ன குறை என்று யாரையும் கேட்கவில்லை. அள்ளி அள்ளிப் போட்டதோடு சரி.

அந்த இரண்டு வருஷமும் கிரேத்தா தினம் வருவாள். அவளுக்கு ஒரு விளையாட்டு. மஞ்சளாக எதைப் பார்த்தாலும் அம்மாவிடம் கொண்டுபோய், பூ இந்த மஞ்சளா என்று கேட்பாள். முதலில் கொண்டுபோனது பூவரசம்பூ. அம்மா தலையாட்டினாள், இல்லை. பிறகு கொன்றை. இல்லை. நாகம்மா முகத்துக்குப் பூசுகிற மஞ்சளைக்கூடக் கொண்டுபோயிருக்கிறாள். அதுவும் இல்லை. "அப்போ இன்னா மஞ்சள்தான் அது?" என்று என்னிடம் வந்து சலித்துக்கொள்வாள். "பூத்தா தெரிஞ்சிடும் பாப்பா" என்பேன்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் கோட்டைக்குள் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். கிரேத்தாவுக்கு ஒன்பது வயசு முடியவில்லை.

அவளைப் புதைத்த அன்றைக்கு மழை விடவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் குழியில் தண்ணீர் ஊற ஊற, நான்தான் இறைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி மேலே சொல்ல என்னால் முடியாது.

அதற்குப் பிறகு தோட்டத்தில் பேச்சே இல்லை. அம்மா வருவாள், தொட்டி ஓரம் நிற்பாள். நான் தண்ணீர் ஊற்றுவேன். நடுவில் நிற்க ஆள் இல்லை. இருபது நாள் இப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் அம்மா வாயைத் திறந்தாள். தமிழில். அதுவும் எங்கள் குப்பத்துத் தமிழில். மகள் பேசப் பேசக் காதில் வாங்கி வைத்திருந்த தமிழ் அது. "அண்ணாத்தே" என்று என்னைக் கூப்பிட்டாள். குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள். பங்குனிக் கப்பலில் துரைக்கு ஊருக்குத் திரும்ப உத்தரவு வந்திருக்கிறது. "நான் ஊருக்குப் போறேன். அங்க பூ கீது, பிள்ளை இல்ல. இங்க பிள்ளை கீது, பூ இல்ல. நான் அதுக்கு சொன்னேன், காட்டறேன்னு. போறதுக்கு முன்ன ஒண்ணு. ஒரே ஒண்ணு போதும். நான் பாத்து, அவகிட்ட வச்சிட்டு போணும்."

அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன், இந்தச் செடி உங்கள் ஊரில் வருஷம் முழுக்க எப்படி இருக்கும் என்று. மூன்று வருஷம் கழித்து! அம்மா கையை வைத்துக் காட்டினாள். மழை, பிறகு குளிர், பிறகு வாய்க்கால் தண்ணீர் முழுக்கக் கல்லாக இறுகிவிடுமாம். பிள்ளைகள் அதன் மேல் நடக்குமாம். செடி அடியில் இலை இல்லாமல் கிடக்கும். "தூங்குது" என்றாள், கன்னத்தில் கை வைத்து. "ரொம்ப தூங்குது. அப்பறம் எழுந்துகினு, பூ."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. நான் அதைத் தூங்க விட்டதே இல்லை. வேளா வேளைக்குச் சோறு போட்டு, வெயிலில் நிறுத்தி, விழித்துக்கொண்டே இருக்கச் செய்திருக்கிறேன்.

சரி, குளிருக்கு எங்கே போவது? நம் ஊரில் மார்கழிக் குளிருக்குப் போர்வை வேண்டும் என்பதே சும்மா பேச்சு. வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். நாகம்மா அப்போது கோட்டையின் மருந்துக் கொட்டகையில் வேலை பார்த்தாள். பீரங்கிக்குப் போடுகிற மருந்துக்கு வெடியுப்பு காய்ச்சுகிற வேலை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? பெரிய துரைங்க குடிக்கிற தண்ணிய எப்படிய்யா ஜில்லுன்னு பண்றாங்க? வெடியுப்ப கரைச்சி அதுல குடுவைய வைக்கிறாங்க. தண்ணி கையில புடிக்க முடியாது. உன் கெயங்க அதுல வையேன்" என்றாள்.

"அவ்ளோ உப்பு எவன் தருவான்?"

"கரைச்ச தண்ணிய எங்கிட்ட குடு. நான் காய்ச்சினா உப்பு திரும்பவும் உப்புதான். எங்கயும் ஓடிடாது."

நான் துரையிடம் போய் நின்றேன். நாகம்மா கொட்டகையிலிருந்து தெரியாமல் கொண்டுவந்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு பட்டது போதும். இரண்டு பாஷையும் தெரிந்த துபாஷி ஒருத்தரை இழுத்துக்கொண்டு போனேன். அவர் வழியெல்லாம் நடுங்கினார். "கேக்கறது நானு, அடி வுழுந்தா எனக்கு, நீ சும்மா சொல்லிட்டு ஓரமா நில்லு" என்றேன்.

துரை கேட்டுவிட்டு, வெடியுப்பு பீரங்கிக்கு, பூவுக்கு இல்லை என்றார். நான் நகரவில்லை. போ என்று கையைக் காட்டினார். நான் நகரவில்லை. பிறகு அவராகவே, எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். கார்த்திகை, மார்கழி, தை என்றேன். உப்பு திரும்பி வருமா என்றார். என் பெண்டாட்டி காய்ச்சித் தருவாள் சாமி என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சன்னலிலிருந்து கல்லறைத் தோட்டம் தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். துபாஷி என் காதில், "எடுத்துக்கச் சொல்றாரு. அந்தப் பிள்ளை பேரையும் சொன்னாரு" என்றார்.

எப்படிச் செய்தேன் என்பதை விரிக்கமாட்டேன். இலையை அறுத்துவிட்டு, கிழங்கில் பாதியைச் சட்டியில் வைத்து, சட்டியை வெடியுப்புத் தண்ணீரில் வைத்து, குழிக்குள் ஈர வைக்கோலில் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி, மூன்று மாசம். நாகம்மா அடுப்படியில் வெந்துபோனாள். "என்னையும் அந்த சட்டியில வைய்யா, நானும் பூப்பேன்" என்பாள். ஆனால் ஒரு நாள்கூட உப்பைக் காய்ச்சாமல் விடவில்லை. தினமும் அம்மா வந்து குழியில் கையை விட்டுப் பார்ப்பாள். கை சில்லிட்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஊரையே தொட்டுவிட்டு வந்தவள் மாதிரி நிற்பாள்.

தை கடைசியில் வெளியே எடுத்து வெயிலில் வைத்தேன். இலை வந்தது. மாசி முழுக்க வெறும் இலை. பங்குனி பிறந்து, கப்பல் வந்து நங்கூரம் போட்டுவிட்டது. அம்மாவின் பெட்டிகள் எல்லாம் கட்டியாகிவிட்டது. கப்பல் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, இலைக்கு நடுவில் ஒரு தண்டு தட்டையாக இல்லாமல் உருண்டையாக நின்றது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே மொட்டு.

ஒன்றுதான். ஒரே ஒன்று.

அம்மா அதன் பக்கத்திலேயே இருந்தாள். சாப்பாடு தோட்டத்துக்கு வந்தது. நாலு நாள் கழித்து மொட்டின் உறை பிரிந்து, நுனியில் மஞ்சள் தெரிந்தது. இறுக்கிச் சுருட்டிய துணி மாதிரி ஒரு சின்ன மஞ்சள். நாளை காலை விரிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். கப்பலோ நாளை மறுநாள். நேரம் இருக்கிறது. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஒல்லாந்தர் ஊர்ப் பூவை நம் வெயிலில் பூக்க வைத்த ஒரே ஆள், கடலில் வாந்தி எடுத்த பையன்!

மத்தியானம் கப்பலிலிருந்து பீரங்கி சத்தம் கேட்டது. காற்று திரும்பிவிட்டது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும், காத்திருந்தால் கரையைத் தாண்ட முடியாது என்று ஆள் வந்து சொன்னான். துரை படகுத்துறைக்குப் போய்விட்டார். அம்மா தோட்டத்துக்கு ஓடி வந்தாள். தொப்பி முதுகில் தொங்கியது.

"அண்ணாத்தே, தொற" என்றாள். "கையால தொற. நான் பாத்துட்டு போறேன்."

பிள்ளைகளே, திறந்திருக்கலாம். மஞ்சள் தெரிந்துவிட்ட மொட்டு. விரல் நுனியால் மெள்ள மெள்ளப் பிரித்தால் வந்துவிடும். ஓரம் கொஞ்சம் கிழியும், மடிப்பு நிற்கும், சாயங்காலம் வதங்கிவிடும். அவ்வளவுதான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. மூன்று வருஷம் காத்திருந்து, மூன்று மாசம் உப்புத் தண்ணீர் மாற்றி, கிடைத்தது ஒரு பூ. அதைக் கிழித்தா? அம்மா ஊர்ப் பூவைப் பார்க்காமல் போன பிள்ளைக்குக் கிழிந்த பூவையா வைப்பது?

"வேணாம்மா" என்றேன். "கிழிஞ்சிடும். நாளைக்குக் காலையில தானா விரியும். முழுசா விரிஞ்சதும் நானே கொண்டுபோய் பாப்பாகிட்ட வைக்கிறேன். சத்தியம்."

அவள் என்னைப் பார்த்தாள். மொட்டின் மேல் விரலை வைத்தாள். படகுத்துறையிலிருந்து துரை கூப்பிடுவது கேட்டது. அவளே பிரித்திருக்கலாம், அவள் பூதானே. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். தோட்டக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். "சரி அண்ணாத்தே. முழுசா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு படகுக்குப் போனாள்.

காலையில் நான் வருவதற்குள் பூ விரிந்திருந்தது. மூன்று இதழ் கீழே வழிந்து, மூன்று மேலே நின்று, உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய கோடுகள். ஒரு கிழிசல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. நான் குனிந்து அதன் நிறத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்துவிட்டது. அது பூவரசம்பூ மஞ்சள். காலையில் புதிதாக விரிந்த பூவரசம்பூ மஞ்சள், அச்சு அசல். கிரேத்தா முதல் நாளே சரியாகத்தான் கொண்டுபோயிருக்கிறாள். அம்மாவுக்குத்தான் அந்த மஞ்சள் போதவில்லை. ஊரை நினைத்து நினைத்து அந்த மஞ்சளை அவள் எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தாள். ஏரிக்கரை முழுக்க அது கொட்டிக் கிடந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

சட்டியோடு கடற்கரைக்கு ஓடினேன். கடலில் பாய்மரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. என் மச்சான் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். "ஏறு மாமா, வெரட்டிப் பாக்கலாம்" என்றான். என்னையும் பார்த்தான், சட்டியையும் பார்த்தான், அலையையும் பார்த்தான். பிறகு அவனே, "ஆவாது. எட்டாது. உப்புத் தண்ணி பட்டா பூவும் போயிடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

திரும்பி வந்து கிரேத்தாவின் கல்லுக்குப் பக்கத்தில் சட்டியை வைத்தேன். நாகம்மாவும் வந்தாள். "பாப்பா, நீ சொன்ன மஞ்சள்தான்" என்று சத்தமாகவே சொன்னேன். அன்றைக்கு முழுக்க நாங்கள் அங்கேயே இருந்தோம். சாயங்காலம் பூ சுருண்டது. நாகம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்குக் கிழிஞ்ச பூவே போதும்யா" என்றாள். திட்டவில்லை. சும்மா சொன்னாள்.

அன்றிலிருந்து இந்தத் தொட்டியில் பூ இல்லை. பின்னால் வந்த துரைகளிடம் வெடியுப்பு கேட்டேன், ஒவ்வொருவரிடமும் கேட்டேன், வாயை மூடிக்கொள்ளவே இல்லை. யாரும் தரவில்லை. அவர்கள் யாருக்கும் இங்கே கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் இல்லை, அவ்வளவுதான். அம்மாவிடமிருந்தும் எந்தச் சேதியும் வரவில்லை. போய்ச் சேர்ந்தாளா என்பதுகூடத் தெரியாது. சேர்ந்திருந்தால் வாய்க்கால் ஓரம் இரண்டு பக்கமும் பூவாக நின்றிருக்கும். அதைப் பார்த்து அவள் யாரை நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பூவரசைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அந்தப் பிள்ளையைத்தான் நினைக்கிறேன்.

பூவை முழுசாக விரிய விட்டேன், பிள்ளையிடம் வைப்பதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு என்ன அவசரம்? அதற்கு நாளைக்கு வைத்தாலும் ஒன்றுதான், அடுத்த வருஷம் வைத்தாலும் ஒன்றுதான். அவசரம் படகில் ஏற வேண்டியவளுக்குத்தான் இருந்தது. அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு என் பூதான் தெரிந்தது.

ஆகவே தொட்டியைப் பிடுங்காதீர்கள். நான் வராத நாளில் நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். எவனாவது ஒரு நல்ல துரை வெடியுப்பு தருவான், கேட்டுக்கொண்டே இருங்கள். என்றைக்காவது அதில் மொட்டு வந்து, நுனியில் மஞ்சள் தெரிந்து, பக்கத்தில் கிளம்ப வேண்டிய ஒருத்தி நின்று திற என்று சொன்னால், நாளைக்கு என்று சொல்லாதீர்கள். கிழிந்தால் கிழியட்டும். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, திறந்து காட்டிவிடுங்கள்.